சேமக்காலை என்றொரு ஊர்

மலேசியாவில், பெக்கான் நானாஸ் ஊர் மாதா கோயிலில் கெர்ட்ரூட்டை எல்லாரும் லாயரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வெளியே வந்தால் போதும், யாராவது ஒருவர் கையில் ஒரு காகிதத்தோடு நிற்பார். வீட்டு நிலத்துப் பத்திரம், மகனுடைய மோட்டார் சைக்கிள் சம்மன், பிரிந்து போன மருமகள் அனுப்பிய கடிதம். அவள் எல்லாவற்றையும் வாங்கிப் பொறுமையாகப் படிப்பாள். படித்துவிட்டு, இது என் வேலை இல்லைங்க, இன்னாரிடம் போய்ப் பாருங்க என்று வழி சொல்லுவாள். அப்படியானால் உன் வேலைதான் என்னம்மா என்று கேட்டவர்களுக்கு அவளால் இரண்டு வரியில் பதில் சொல்ல முடிந்ததே இல்லை.

வேலையின் பெயர் பெரியது. மூத்த அனைத்துலக வழக்கறிஞர். உயிருக்குப் பயந்து சொந்த நாட்டை விட்டு ஓடி வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மனிதாபிமான நிறுவனத்தில் இருந்தாள். ஓடி வந்தவர் சொல்வது உண்மையா, திருப்பி அனுப்பினால் அவர் உயிருக்கு ஆபத்து உண்டா என்று நிறுவனம் விசாரித்து முடிவு சொல்லும். உண்டு என்றால் ஓர் அட்டை கொடுக்கும். இல்லை என்றால் கோப்பை மூடிவிடும். மூடிய கோப்பில் தப்பு நடந்திருந்தால் அதைக் கண்டுபிடித்து, சட்டப்படி திறக்க வைப்பதுதான் கெர்ட்ரூட்டின் பாடு.

அவளுடைய அப்பா அன்னாசித் தோட்டத்தில் வெட்டு வேலை பார்த்தவர். அம்மா அன்னாசியைத் தகர டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் இருந்தார். அம்மாவின் விரல்களில் சாறு அரித்த புண் ஆறி அவள் பார்த்ததில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்து, அப்புறம் பகலில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தாள். அந்த நாளில், இருபத்தேழு வயதில், இதே நிறுவனத்தில் பதினொரு மாதம் மொழிபெயர்ப்பாளராகத் தொண்டு செய்தாள். இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் தமிழில் சொல்லுவதை இவள் ஆங்கிலத்தில் சொல்ல, வெள்ளைக்கார அதிகாரி எழுதிக்கொள்ளுவார். பிறகு கென்யா, லெபனான், வங்காளதேசம் என்று பத்து வருடம் போனது. மூன்று வருடத்துக்கு முன்புதான் ஜொகூர் பாரு அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தாள். கணவர் கேப்ரியல் சிங்கப்பூர் வேலைக்கு விடியுமுன்னே பாலம் தாண்டிவிடுவார். அவர் போன பிறகு இவள் ஒரு செபமாலை சொல்லிவிட்டுக் கிளம்புவாள். அதுதான் அவளுக்குக் காலைச் சாப்பாடு என்று கேப்ரியல் கேலி செய்வார்.

தவமலரின் கோப்பு அவள் மேசைக்கு ஒரு புதன்கிழமை பிற்பகல் வந்தது.

தவமலர் முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி. கணவர் மீனவர். பதினான்கு வருடத்துக்கு முன் மலேசியா வந்து, நிறுவனத்தில் பதிந்து, இரண்டு முறை விசாரிக்கப்பட்டு, நம்பமுடியவில்லை என்று தள்ளப்பட்டவள். அதன் பிறகு மெர்சிங்கில் நெத்திலி காயப்போடும் ஒரு கொட்டகையில் வேலை பார்த்து நாளைக் கழித்திருக்கிறாள். மூன்று மாதத்துக்கு முன் சந்தையில் நடந்த சோதனையில் பிடிபட்டாள். வெள்ளிக்கிழமை விமானத்தில் திருப்பி அனுப்புகிறார்கள். தடுப்பு முகாமிலிருந்து வேன் வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் புறப்படும். நாலரை மணிக்குள் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தால் நிறுத்தி வைக்கிறோம், அதற்கு மேல் எங்கள் கையில் இல்லை என்று முகாம் அதிகாரி, ஒரு மலாய்க்காரப் பெண்மணி, மரியாதையாகவே சொல்லியிருந்தார்.

திரும்பிப் போனால் என்ன ஆகும் என்பதும் கோப்பில் இருந்தது. கணவரைக் கொன்றவர்களில் ஒருவனைத் தவமலர் நேரில் பார்த்தவள். பெயர் சொன்னவள். அந்த ஆள் இன்று அதே ஊரில் இருக்கிறான், முன்னைவிடப் பெரிய ஆளாக.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நிறுவனத்தின் கார் முகாம் வாசலில் நின்றது. ஓட்டுநர் சபாபதி, அறுபது தொட்ட மனிதர். அவர் வழக்கம்போல நிழல் தேடி மரத்தடியில் வண்டியைப் போட்டார். அங்கிருந்து கெர்ட்ரூட்டின் வீட்டுக்கு இருபது நிமிடம்கூட இல்லை. சின்ன வயதில் அந்தச் சாலையில் அப்பாவின் சைக்கிளில் போயிருக்கிறாள்.

உள்ளே ஒரு சின்ன அறை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. தவமலரைக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். உப்பிலும் வெயிலிலும் கிடந்து கறுத்துச் சுருங்கிப் போன முகம். ஐம்பது வயதுக்கு அறுபது சொல்லலாம். வணக்கம் சொன்ன பிறகு அவள் கெர்ட்ரூட்டின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

கெர்ட்ரூட் நேரத்தை வீணாக்காமல் விஷயத்துக்கு வந்தாள். கோப்பை மூடியதற்கு மூன்று காரணம் எழுதியிருந்தார்கள். ஒன்றொன்றாகத் தமிழில் சொன்னாள். முதல் விசாரணையில், கணவர் ஏமாற்றப்பட்டார் என்று சொன்னவள், இரண்டாவது விசாரணையில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று மாற்றிச் சொன்னாள். ஏமாற்றப்பட்ட பிறகு அவர் இரண்டு நாள் வீட்டில் இருந்தார் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு குடும்பத்தார் அவரைச் சேமக்காலை என்ற ஊருக்குக் கூட்டிப் போனதாகவும் சொல்லியிருக்கிறாள். அப்படியொரு ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை.

தவமலர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏமாத்தினதோ?" என்றாள். "ஆரை ஆர் ஏமாத்தினது? நான் எப்ப பிள்ளை அப்பிடிச் சொன்னனான்? மனுசன் மோசம் போட்டார் எண்டுதான் சொன்னனான்."

"அதைத்தாம்மா அவங்களும் எழுதியிருக்காங்க," என்று ஆரம்பித்த கெர்ட்ரூட், பாதியில் நிறுத்தினாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். "மோசம் போறதுன்னா, உங்க ஊர்ல என்னம்மா அர்த்தம்?"

தவமலர் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். புருசனைச் செத்துப் போனான் என்று எந்தப் பெண்சாதி வாயால் சொல்லுவாள் என்று திருப்பிக் கேட்டாள். அவர்கள் பக்கத்தில் சாவை அப்படித்தான் சொல்லுவார்களாம். மோசம் போட்டார் என்றால் இறந்து போனார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம்.

"அப்ப அந்தச் சேமக்காலை? அது எந்த மாவட்டம்?"

"ஊரில்லைப் பிள்ளை. வேதக்காரர் தங்கட செத்த ஆக்களைப் புதைக்கிற இடம்."

வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர். பெக்கான் நானாஸில் அதற்குக் கல்லறைத் தோட்டம் என்று பேர். பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிற கெர்ட்ரூட், சேமக்காலை என்ற சொல்லைத் தன் ஊரில் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

மூன்று காரணமும் அவள் கண் முன்னால் திரும்பி நின்றன. கணவர் இறந்தார். இரண்டு நாள் வீட்டில் கிடந்தார். பிறகு கல்லறைக்குக் கொண்டு போனார்கள். பதினான்கு வருடமாக அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே கதைதான். அதில் ஒரு சொல்கூட மாறவில்லை.

அவள் தவமலரின் கையைப் பிடித்து, நாலரை மணிக்குள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏறக்குறைய ஓடி வந்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் சபாபதியிடம் கேட்டாள், "அண்ணே, ஒருத்தர் மோசம் போயிட்டாருன்னா என்ன அர்த்தம்?"

"ஏமாந்துட்டாருன்னு அர்த்தம்மா. எங்க மச்சான் போன மாசம் போன்ல ஒருத்தன் பேச்சைக் கேட்டு மோசம் போனாரே, அந்த மாதிரி லா. ஏன், நீங்க யாருகிட்டயாச்சும் மோசம் போயிட்டீங்களா?"

அவள் சிரித்தாள். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தாள். மூடிய கோப்பைத் திறக்க ஒரு புதிய காரணம் வேண்டும், பழைய கதையையே திருப்பிச் சொன்னால் மறுபரிசீலனைக் குழு ஏற்காது. மொழிபெயர்ப்பில் தப்பு என்பது புதிய காரணம். ஆனால் அதற்கு ஒரு விதி உண்டு. அன்றைக்கு மொழிபெயர்த்தவரே முன்வந்து, நான் இப்படிக் கேட்டேன், இப்படித் தப்பாகச் சொன்னேன் என்று சத்தியப் பிரமாணம் செய்து கொடுக்க வேண்டும். ஒலிநாடாக்களைப் பத்து வருடத்தில் அழித்துவிடுவார்கள். கோப்பில் இருப்பது ஆங்கிலம் மட்டும்தான்.

எந்தப் புண்ணியவான் இப்படி மொழிபெயர்த்தான், அவன் தமிழன்தானா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அவள் முதல் விசாரணையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். மொழிபெயர்ப்பாளர்களின் பெயரைக் கோப்பில் எழுத மாட்டார்கள். பாதுகாப்புக்காக எண் மட்டும்தான் இருக்கும்.

மொழிபெயர்ப்பாளர் எண்: 17.

கெர்ட்ரூட் அந்த எண்ணைப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். மறுபடியும் எண்ணைப் பார்த்தாள். பதினொரு மாதம் தன் கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்த எண் அது.

சபாபதி கண்ணாடியில் பார்த்துவிட்டு, என்னம்மா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சே, தண்ணி வேணுமா என்று கேட்டார்.

தண்ணி. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லாம் திரும்பி வந்தது. ஒரு நாளைக்கு ஐந்து விசாரணை. இது நாலாவது. எதிரில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தது. அவள் பேசிய தமிழ் பாதி விளங்கவில்லை. விளங்கவில்லை என்று அதிகாரியிடம் சொல்ல வாய் வரவில்லை. முந்தின வாரம்தான் அந்த அதிகாரி, நீயும் தமிழ்தானே, பிறகென்ன சந்தேகம் என்று ஒரு மாதிரியாகக் கேட்டிருந்தார். தமிழச்சியாகப் பிறந்துவிட்டு இன்னொரு தமிழச்சியிடம் தமிழுக்கு அர்த்தம் கேட்பதா என்று வெட்கம். கிடந்தார் என்று அந்தப் பெண் சொன்னபோது, புருசனை இப்படியா மரியாதையில்லாமல் சொல்லுவார்கள் என்று நினைத்து, இவளே அதைத் திருத்தி, இருந்தார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தாள்.

அவள் இதுவரை எத்தனையோ பேருடைய தப்பைக் கண்டுபிடித்திருக்கிறாள். எத்தனையோ அதிகாரிகளுக்கு, நீங்கள் சரியாகக் கேட்கவில்லை என்று நீளமாக எழுதியிருக்கிறாள்.

"பசார் பக்கம் போங்கண்ணே," என்றாள்.

மணி பதினொன்று. கார் நின்ற இடத்திலிருந்தே அவள் திருச்செல்வத்துக்குப் போன் போட்டாள். ஜொகூர் பாருவில் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர். அவருடைய தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். நிறுவனத்துக்கு அவ்வப்போது மொழி சம்பந்தமாக உதவி செய்கிறவர். அவள் இரண்டு சொல்லையும் சொல்லி அர்த்தம் கேட்டதும் அவர் சிரித்தார். உங்கட ஆக்களுக்கு மோசம் போறதெண்டால் ஏமாறுறது, எங்கட ஆக்களுக்குச் சாகிறது, இதை வைச்சே எங்கட வீட்டில ஒரு கலியாணம் குழம்பினது என்று ஒரு கதை சொல்லத் தொடங்கினார். எதற்குக் கேட்கிறாள் என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. உடனே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்றார். பன்னிரண்டு மணிக்குள் அனுப்பியும் விட்டார்.

அடுத்தது மார்கஸ். கோலாலம்பூரில் மறுபரிசீலனைக் குழுவுக்குத் தலைவர். தங்காக்கில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை. கெர்ட்ரூட்டோடு ஒன்றாகச் சேர்ந்து, ஒன்றாக மேலே வந்தவர். அவள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, நல்லது, ரொம்ப நல்லது, ரெண்டரைக்குக் குழுவைக் கூட்டுறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், எண் பதினேழு நான்தான் என்று அவள் சொன்னதும் குரலைத் தாழ்த்தினார்.

"கெர்ட்ரூட், கொஞ்சம் நிதானமா கேளு," என்றார் பிறகு. "அந்தக் காலத்துப் பேர்ப்பட்டியல் இப்ப எங்கயும் இல்ல. ஆபீஸ் மாறும்போதே போயிடுச்சு. பதினேழு யாருன்னு உனக்கும் எனக்கும்தான் தெரியும். மொழிபெயர்ப்பாளரைத் தேடினோம், கிடைக்கலன்னு எழுதிடு. திருச்செல்வம் ஐயா கடிதத்தை வை. நான் குழுவுல பேசிப் பார்க்கிறேன்."

"பேசிப் பார்த்து முடியலன்னா?"

அவர் வாயெடுக்குமுன் அவளே தொடர்ந்தாள்.

"அஞ்சு மணிக்கு வேன் கிளம்பிடும் மார்கஸ்."

அவர் வேறு பக்கமாக வந்தார். நீ பெயர் கொடுத்தால் அதோடு முடியாது என்றார். நீ சாட்சியாகிவிடுவாய், சாட்சியே வழக்கறிஞராக இருக்க முடியாது, இந்த நிமிடத்திலிருந்து நீ அந்தப் பெண்ணோடு பேசக்கூடாது. அது போக, பதினேழாம் எண் மொழிபெயர்த்த கோப்பு எல்லாவற்றையும் திறக்க வேண்டி வரும். பதினொரு மாதம். இருநூறு இருக்குமா? அதில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியாச்சோ. உன் பெயர் எல்லா அறிக்கையிலும் வரும். இத்தனை வருட உழைப்பு.

கெர்ட்ரூட் கைப்பைக்குள் கையை விட்டு, செபமாலையின் மணிகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். செபம் சொல்லவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள். பெயரை மறைத்துவிட்டு அவளே வழக்கறிஞராகக் கையெழுத்துப் போடலாம். என்றைக்காவது ஒருநாள் யாராவது கண்டுபிடித்தால், அந்தப் பொய்யைக் காரணம் காட்டித் தவமலரின் கோப்பை மறுபடியும் மூடுவார்கள். அப்போது திறக்க யாரும் இருக்க மாட்டார்கள். சட்டம் தெரிந்த அவளுக்கு அது தெரியும். சட்டம் தெரியாவிட்டாலும், அந்த அறைக்குள் போய் இன்னொரு முறை தவமலரின் கையைப் பிடிக்க அவளால் முடியாது.

"ஆட்ரியை அனுப்பு," என்றாள். "கேஸை அவகிட்ட கொடு. நான் பிரமாணம் எழுதுறேன்."

ஆட்ரி அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் இளம் வழக்கறிஞர். ஜொகூர் பாருவிலிருந்து உடனே புறப்பட்டாள்.

கெர்ட்ரூட் காரின் பின்சீட்டில் மடிக்கணினியை வைத்து எழுத ஆரம்பித்தாள். மற்றவர்களுக்காக நூற்றுக்கணக்கில் எழுதியவளுக்குத் தன் பெயரை எழுதி, நான்தான் அந்த எண் என்று ஒரு வரி போட அரை மணி நேரம் பிடித்தது. தபால் நிலையத்துக்குப் பக்கத்தில் அச்சு எடுத்துக்கொண்டு, சத்தியப் பிரமாண ஆணையரின் அலுவலகத்துக்குப் போனபோது கதவில் பூட்டுத் தொங்கியது. மணி ஒன்று ஐந்து. மறுபடி திறக்க இரண்டரை ஆகும் என்று பலகை சொன்னது.

அலமாக் என்று தலையில் கை வைத்தார் சபாபதி. பிறகு என்ன நினைத்தாரோ, இருங்கம்மா என்று சொல்லிவிட்டு வரிசையாக மூன்று காப்பிக் கடைக்குள் போய்ப் பார்த்து வந்தார். மூன்றாவதில் ஆணையர் இருந்தார். வயதான சீனர், மீ சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சபாபதி தமக்குத் தெரிந்த மலாய், சீனம் எல்லாவற்றையும் கலந்து ஏதோ சொன்னார். அவர் பாதி மீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வாயைத் துடைத்துக்கொண்டே அலுவலகத்தைத் திறந்து, காகிதத்தை வாங்கி, மேலிருந்து கீழ்வரை படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"பெத்தூல்?" என்று கேட்டார். உண்மையா என்று.

"பெத்தூல்," என்றாள் கெர்ட்ரூட்.

முத்திரை விழுந்தது. இரண்டு மணிக்குக் காகிதம் கோலாலம்பூர் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. முகாம் வாசலுக்குத் திரும்பி வந்தார்கள். மூன்று மணிக்கு ஆட்ரியும் வந்துவிட்டாள். தவமலரின் கோப்பை அவள் கையில் கொடுத்தபோது கெர்ட்ரூட்டுக்கு ஏதோ உறுப்பைக் கழற்றிக் கொடுத்தது போல இருந்தது. மூன்றே காலுக்கு வேன் வந்து வாசலுக்குள் நுழைந்தது. சாதாரண வெள்ளை வேன். ஓட்டுநர் இறங்கிச் சக்கரத்தை ஒரு உதை உதைத்துப் பார்த்தார்.

மூன்றே முக்காலுக்கு மார்கஸ் கூப்பிட்டார். பேச்சில் அவசரம்.

"குழுவுல ஒருத்தர் கேட்கிறாரு. பதினாலு வருஷம் ஆச்சு, மோசம்ங்கிற சொல்லைத்தான் அவ சொன்னான்னு உனக்கு நிச்சயமா ஞாபகம் இருக்கான்னு. ஆமான்னு ஒரு வரி எழுதி அனுப்பு. இப்பவே முடிஞ்சிடும்."

கெர்ட்ரூட் கண்ணை மூடினாள். தண்ணீர் கொடுத்தது ஞாபகம் இருந்தது. கிடந்தார் ஞாபகம் இருந்தது. ஆனால் மோசம் என்ற அந்தச் சொல்? இன்று காலை தவமலர் சொன்னது காதில் ஒலிக்கிறது. அன்று சொன்னது ஒலிக்கவில்லை. எவ்வளவு தேடியும் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. ஒரே ஒரு ஆமாம். யார் பொய் என்று சொல்ல முடியும்? அதுவும் நடந்திருக்கத்தான் வேண்டும். வேறு எந்தச் சொல்லை அவள் ஏமாற்றப்பட்டார் என்று மாற்றியிருக்க முடியும்?

கண்ணாடிக்கு வெளியே வேனின் பின்கதவு திறந்திருந்தது.

"ஞாபகம் இல்ல," என்றாள்.

"கெர்ட்ரூட்..."

"இல்லாததை ஆண்டவர் பேர்ல சொல்ல மாட்டேன் மார்கஸ். ஆனா சேமக்காலை ஞாபகம் இருக்கு. எப்படி எழுதுறதுன்னு அதிகாரி கேட்டாரு. நான் அந்தம்மாகிட்ட எழுத்தெழுத்தா கேட்டுச் சொன்னேன். பன்னிரண்டாம் பக்கத்துல நாலாவது வரியைப் பாரு. ஊர்ப்பேர்னு நினைச்சு ஆங்கிலத்துல அப்படியே இருக்கும். அந்த ஒரு சொல்லைத்தான் நான் மொழிபெயர்க்காம விட்டேன். புருசனைக் கல்லறைக்குக் கொண்டு போனோம்னு ஒரு பொம்பளை சொல்றா. செத்தவரைத்தானே கல்லறைக்குக் கொண்டு போவாங்க?"

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது.

நாலு மணி. நாலு பத்து. ஆட்ரி வாசலில் நின்று பத்து நகத்தையும் கடித்துக்கொண்டிருந்தாள். சபாபதி வானொலியை அணைத்துவிட்டார். கெர்ட்ரூட் செபிக்கப் பார்த்தாள். வார்த்தை வரவில்லை. உமக்குத் தெரியும், உமக்குத் தெரியும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு பதினெட்டுக்கு ஒரு காவலர் கையில் பட்டியலோடு வந்து வேனுக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளேயிருந்து நாலைந்து பேரை வரிசையாகக் கூட்டி வந்தார்கள். மூன்றாவது ஆள் தவமலர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

நாலு இருபத்திரண்டுக்கு ஆட்ரியின் போன் அடித்தது. அவள் பார்த்தாள். ஒரு கணம் அசையாமல் நின்றாள். பிறகு காலணி கழன்று விழுவதையும் பார்க்காமல் அலுவலகத்துக்குள் ஓடினாள்.

காருக்குள்ளிருந்து கெர்ட்ரூட் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி வெளியே வந்தார். காவலரிடம் பட்டியலை வாங்கி, பேனாவால் ஒரு கோடு போட்டார். மூன்றாவது ஆளை வரிசையிலிருந்து பிரித்து நிறுத்தினார்கள். மற்றவர்கள் ஏறினார்கள். வேன் கதவு சாத்தப்பட்டது.

சபாபதி, அம்மாடி, என்று மூச்சு விட்டார். அவள் முன்சீட்டின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நிமிரவில்லை.

முப்பது நாள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அதற்குள் கோப்பைப் புதிதாக விசாரிப்பார்கள் என்று ஆட்ரி திரும்பி வந்து சொன்னாள். இன்னும் முடிவில்லை, ஆனால் இந்த முறை யாழ்ப்பாணத் தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து விசாரிப்பார்கள். சொல்லிவிட்டும் அவள் போகாமல் நின்றாள்.

அன்றைக்கு மொழிபெயர்த்தது யார் என்பதையும் தவமலரிடம் சொல்லியாக வேண்டியிருந்தது, அது விதி என்றாள். சொன்னேன் அக்கா என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"தெரியுமாம். காலைல உங்களைப் பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சாம்." ஆட்ரி தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாள். இந்த முறை அவள் தமிழை அப்படியே தமிழில் எழுதி வைத்திருந்தாள். வாசித்தாள். "'அந்தப் பிள்ளைக்கு அண்டைக்கே விளங்கேல்ல எண்டு எனக்குத் தெரியும். கேக்கப் பயந்தது. நானும் சொல்லப் பயந்தனான். தண்ணி தந்தது அது மட்டும்தான்.'"



இன்னும் ஒன்று கேட்டார்கள் அக்கா என்றாள் ஆட்ரி. கணவருக்கு இத்தனை வருடமாக ஒரு பூசைகூட வைக்கவில்லையாம். மெர்சிங்கில் கோயில் பக்கம் போகவும் பயமாம், அட்டை இல்லாமல். அவர் செத்துப் போனார் என்று சொல்கிற ஒரு காகிதம்கூட அவர்களிடம் கிடையாது. அந்தப் பிள்ளை போகிற கோயிலில் பேர் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் கெர்ட்ரூட் மாதா கோயிலின் பங்கு அலுவலகத்துக்குப் போனாள். காரின் பின்சீட்டில், பதினேழாம் எண்ணுடைய கோப்புகளில் முதல் பெட்டி இருந்தது. கணக்கெடுத்ததில் நூற்றுத் தொண்ணூற்று நாலு வந்திருந்தது. மார்கஸ் அவற்றைப் பார்க்க வேறு இருவரை நியமித்திருந்தார். எந்தப் பக்கத்தில் எந்தச் சொல் விளங்காமல் போனது என்று அவள் ஒவ்வொன்றிலும் அடையாளம் வைத்துக் கொடுக்க வேண்டும்.

அலுவலகத்தில் பூசைக் கருத்து எழுதும் படிவத்தைக் கொடுத்தார்கள். இறந்தவர் பெயர் என்ற இடத்தில், செபமாலை என்று எழுதினாள். அதுதான் அவர் பெயர், அவர்கள் பக்கத்தில் ஆண்களுக்கு வைக்கிற பெயர். இறந்த தேதி. அடக்கம் செய்த இடம். அங்கே கொஞ்சம் நின்று, சேமக்காலை என்று எழுதி, அடைப்புக்குள் கல்லறைத் தோட்டம் என்று போட்டாள். பூசையில் வாசிக்கும்போது அதை யாராவது ஊர்ப்பெயர் என்று நினைத்துவிடக் கூடாது.

கடைசியாக ஒரு கட்டம் இருந்தது. இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு?

பேனா அங்கே வெகுநேரம் நின்றது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், சொந்தம் இல்லைன்னா அதை விட்டுடுங்க லாயரம்மா என்றார்.

அவள் விடவில்லை. மொழிபெயர்ப்பாளர் என்று எழுதினாள்.